குமரியில் கிரிமினல் கேஸ் வந்துவிட்டால்: வக்கீலோடு சேர்ந்து வழக்கை நடத்துவது எப்படி

ஸ்டேஷனிலிருந்து "ஒண்ணு வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால், நம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் முதலில் ஓடுவது ஊர்த் தலைவரிடம். இல்லையென்றால் வார்டு உறுப்பினரிடம், இன்ஸ்பெக்டரைத் தெரிந்த ஒரு சொந்தக்காரரிடம். அவர்கள் நல்ல மனதோடுதான் வருவார்கள். ஆனால் பேசி முடிப்பதற்குள் எப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கும், ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். அதற்கு அப்புறம்தான் வக்கீலைத் தேடுவார்கள். "எப்படியாவது பாத்துக்கிடுங்க சாரே" என்று பேப்பர் கட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வருவார்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்றுகூடக் கேட்பதில்லை.

சட்ட உதவித் தன்னார்வலராக இப்படிப்பட்ட குடும்பங்களோடு கோர்ட்டுக்குப் போய்வருகிறேன். வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவரும் வீட்டாரும் செய்ய வேண்டிய வேலையை அவரால் செய்ய முடியாது. அந்த வேலை என்ன, எந்தக் கட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

போலீஸ் கூப்பிட்டவுடன்

எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஸ்டேஷன் பதிவு) மட்டும் போட்டிருக்கிறார்களா, எப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா, நீங்கள் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா? இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. எப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் கொடுத்து நகலை எடுத்துவிடலாம். எப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்) போன்ற வழக்குகள் அதில் இருக்காது. அவற்றின் நகலை வக்கீல் மூலம் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.சும் (பாரதிய நியாய சன்ஹிதா), குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்.சும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துவிட்டன. சம்பவம் அந்தத் தேதிக்கு முன்பு நடந்திருந்தால் குற்றப் பிரிவுகள் பழைய சட்டப்படிதான் இருக்கும். நம் ஊர் அடிதடி எப்.ஐ.ஆர்.களில் வழக்கமாக வரும் 294(பி) (ஆபாசமாகத் திட்டுவது), 323 (அடித்துக் காயப்படுத்துவது), 506(2) (கொலை மிரட்டல்) ஆகியவை இப்போது 296(பி), 115(2), 351(3) என்று வருகின்றன. யாராவது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கலந்து சொன்னால் குழம்ப வேண்டாம். எப்.ஐ.ஆர். தாளில் இருக்கும் பிரிவுதான் கணக்கு.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட வழக்குகளில் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவின் கீழ் ஆஜராகும்படி நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும். போவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். போய்வந்ததற்கு ஒரு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டாத தாளிலும் வேண்டாம். விசாரணையில் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம், அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் உங்களுக்கு எதிராகச் செல்லாது. ஆனால் அதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி செல்லும். "சும்மா சொல்லிடு, விட்டுடுறோம்" என்ற பேச்சை நம்பாமல் இருக்க இந்த ஒரு விவரம் போதும். உங்களை நீங்களே குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்லாமலிருக்க அரசியலமைப்பின் 20(3) பிரிவு உரிமை தருகிறது. அதை மரியாதையாகவே சொல்லலாம்: "சார், வக்கீல்ட்ட பேசிட்டு இதுக்குப் பதில் சொல்லுறேன்."

எந்தக் கோர்ட், எந்த வக்கீல்

எந்த ஸ்டேஷன் வழக்கு என்பதைப் பொறுத்தே கோர்ட். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கமென்றால் குழித்துறை. தக்கலை என்றால் பத்மநாபபுரம். குளச்சல் என்றால் இரணியல். வடசேரி, கோட்டாறு என்றால் நாகர்கோவில். பூதப்பாண்டியிலும் கோர்ட் இருக்கிறது. முன்ஜாமீனுக்கு நாகர்கோவிலில் உள்ள முதன்மை மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றம். அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004இல் அந்தக் கிளை வந்ததிலிருந்து நம் மாவட்டத்து மனுக்கள் அங்கேதான் போகின்றன.

அதனால் தினமும் அந்தக் குறிப்பிட்ட கோர்ட்டில் நிற்கும் கிரிமினல் வக்கீலாகப் பாருங்கள். சொத்து வழக்கில் பெரிய பெயர் எடுத்தவர் ஜாமீன் மனுவில் அதே அளவு பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு முற்பகல் கோர்ட் ஹாலில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், யார் கட்டைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார், யார் வாய்தா மட்டும் வாங்கிப் போகிறார் என்பது தெரிந்துவிடும். ஊரில் நான்கு பேரிடம் விசாரிப்பதைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

பணம் இல்லை என்பதற்காக வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வக்கீல் இலவசம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், என்ன வருமானம் என்றாலும், அவருக்கும் உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்றுதான் இருக்கும் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். அது சரியில்லை. கிரிமினல் வழக்குகளை மட்டும் பார்ப்பதற்கென்றே சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

முதல் சந்திப்பு: இங்கேதான் பாதி வேலை

வக்கீலைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவு ஒரு நோட்டில் நடந்ததைத் தேதி, நேரம் போட்டு எழுதுங்கள். சண்டை நடந்த நாளிலிருந்து தொடங்க வேண்டாம், பகை தொடங்கிய நாளிலிருந்து எழுதுங்கள். ரப்பர் தோட்டத்து எல்லைக்கல், தண்ணீர் போகும் ஓடை, சீட்டுப் பணம், பிள்ளைகளின் காதல் விவகாரம் என்று நம் பக்கத்துக் கேஸ்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கும். முன்பு கொடுத்த புகார், அதன் சி.எஸ்.ஆர். ரசீது, சிவில் வழக்கு இருந்தால் அந்தப் பேப்பர், எல்லாம் எடுத்துப் போங்கள். பொய்ப் புகார் கொடுக்க எதிராளிக்குக் காரணம் இருந்தது என்று காட்ட அவை உதவும்.

அடிதடி வழக்கென்றால் ஆஸ்பத்திரிச் சீட்டுதான் முதலில் தேடப்படும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ காயம்பட்டவர் டியூட்டி டாக்டரிடம் முதலில் சொன்னது ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) பதிவாகும். எத்தனை பேர் அடித்தார்கள், கையால் அடித்தார்களா கம்பாலா, தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். "தெரிந்த இரண்டு பேர் கையால் அடித்தார்கள்" என்று அங்கே சொன்னவர், மறுநாள் எப்.ஐ.ஆரில் ஐந்து பேர் பெயரையும் ஒரு வெட்டுக்கத்தியையும் சேர்த்திருந்தால், உங்கள் வக்கீல் பிடிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். உங்களுக்கும் காயம் இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டோ பயந்துகொண்டோ வீட்டில் கிடக்காமல் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். கவுண்டர் கேஸ் (உங்கள் தரப்பு எதிர்ப்புகார்) கொடுப்பதா இல்லையா என்பதை அப்புறம் வக்கீலோடு பேசி முடிவெடுக்கலாம். காயத்துக்கான பதிவு மட்டும் அன்றைக்கு இருந்தாக வேண்டும்.

சி.சி.டி.வி. இருந்தால் உடனே சொல்லுங்கள். கடைக்காரர்களின் கேமராவில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும். வாட்ஸ்அப் செய்தி, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்கு எதிராக இருப்பதையும் அழிக்க வேண்டாம். அழித்தது தெரிந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும், எதிராளியின் போனில் அந்தச் செய்தி எப்படியும் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, அந்த போனையே பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் மின்னணுச் சான்றைக் கொடுக்க அதற்கென ஒரு சான்றிதழ் வேண்டும். அதை எப்படித் தயார் செய்வது என்று வக்கீல் சொல்வார்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். குடித்திருந்தீர்களா? சொல்லுங்கள். முதலில் கை வைத்தது நீங்களா? அதையும் சொல்லுங்கள். முன்பு வேறு கேஸ் இருந்ததா, கேரளாவில் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நீங்கள் வக்கீலிடம் சொன்னதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியிட முடியாது, சாட்சியச் சட்டமே அதைத் தடுக்கிறது. நடந்து முடிந்த விஷயத்தைப் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இனிமேல் ஒரு குற்றம் செய்ய வழி கேட்டால் அது பொருந்தாது. பழைய கேஸை மறைத்து ஜாமீன் மனுப் போட்டால், அரசு வக்கீல் எழுந்து அதைப் படிக்கும்போது உங்கள் வக்கீலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. நீதிபதிக்கு அந்த மனு மேலேயே நம்பிக்கை போய்விடும்.

அப்பா, அண்ணன், மச்சான் என்று ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் சிலருக்கு உண்மை வாயில் வராது. அப்படியென்றால், "சார், தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்" என்று கேளுங்கள். குறிப்பாகப் பெண்கள், வயதுக்கு வந்த பிள்ளைகள் தயங்காமல் கேட்க வேண்டும். வக்கீல் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கட்டணமும் வக்காலத்தும்

ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணை முழுவதற்கும் எவ்வளவு, மதுரைக்குப் போனால் அங்கே தனி வக்கீலா, குமாஸ்தா செலவு எதில் சேரும் என்று தொடக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்குத் தேதியோடு கணக்கு வையுங்கள். கூகுள் பேயில் அனுப்பினால் பதிவு தானாக இருக்கும். கேஸ் ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேச பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. "கட்டாயம் விடுதலை வாங்கித் தருகிறேன்" என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். "மேலே கொடுக்கணும்" என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது உங்களை இன்னொரு குற்றத்தில் மாட்டிவிடும்.

வக்காலத்து என்பது உங்களுக்காக ஆஜராக நீங்கள் கொடுக்கும் அதிகாரம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உள்ளே இருப்பவரென்றால் ஜெயில் அதிகாரி மேலொப்பத்தோடு வக்காலத்து வாங்கி வர வேண்டும். அதற்குச் சில நாள் ஆகலாம் என்பதால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

கைது, ரிமாண்ட், ஜாமீன்

கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். விசாரணையின்போது உங்கள் வக்கீலைச் சந்திக்கலாம், விசாரணை முழுவதும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது. சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுப் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்றால் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் (காவலில் வைக்க உத்தரவிடுவது) நடக்கும், வக்கீல் அங்கேயும் வரலாம். அடித்திருந்தால் அந்த இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் கேட்பார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் நாட்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஜாமீன்தாரர்தான். இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றுகூட உத்தரவு வரும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை மனுப் போடும் அன்றே குமாஸ்தாவிடம் கேட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்குக் கிடைக்கும் ஜாமீன்தாரரைப் பிடிக்காதீர்கள். அந்த ஆவணம் போலி என்று தெரிந்தால் உங்கள் ஜாமீனும் போய்விடும்.

தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணமாக வரும். ஒரு நாளும் தவற விடாதீர்கள். உடம்பு சரியில்லையென்றால் டாக்டர் சீட்டோடு அன்றைக்கே வக்கீலிடம் சொல்லுங்கள். வேலை கெடுகிறது என்றால் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம், நீங்களாக நிறுத்த முடியாது. புகார் கொடுத்தவரைப் போய்ப் பார்ப்பது, அவர் சொந்தக்காரர் மூலம் பேசுவது, ஃபேஸ்புக்கில் எழுதுவது எதுவும் வேண்டாம். சமாதானம் பேசுவதாக இருந்தாலும் வக்கீலுக்குத் தெரிந்தே பேசுங்கள்.

ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவரின் குடும்பத்துக்கு ஒரு வேலை இருக்கிறது: நாள் எண்ண வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை என்று போகும் பெரிய குற்றங்களில் 90 நாள். வணிக அளவு கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்கில் 180 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. இந்த உரிமை தானாக வராது. குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனுப் போட்டால்தான் உண்டு, ஒரு நாள் தவறினாலும் கைநழுவிவிடும். உங்கள் கேஸ் 60 நாளா 90 நாளா என்று வக்கீலிடம் கேட்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பே அவருக்கு நினைவூட்டுங்கள். பல கட்டுகளைப் பார்க்கும் வக்கீலுக்கு இது தொந்தரவல்ல, உதவி.

குற்றப்பத்திரிகை வந்த பிறகு

கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் வழக்கு ஆவண நகல்கள் முழுவதும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒரு ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும். சாட்சிகளின் வாக்குமூலத்தை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். அந்த இடத்தில் தெருவிளக்கு உண்டா, ஜங்ஷனிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியுமா, அந்தச் சாட்சி அன்று ஊரிலேயே இருந்தாரா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், நாகர்கோவிலில் இருக்கும் வக்கீலுக்குத் தெரியாது. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுங்கள். நல்ல குறுக்கு விசாரணைக்கு அந்தக் குறிப்பு பெரிய பலம். விடுவிப்பு மனுப் (சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போட முகாந்திரம் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள், அதற்குப் புதிய சட்டத்தில் 60 நாள் கெடு இருக்கிறது.

சின்ன கேஸ்தானே, ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாம் என்று கோர்ட் வாசலில் யாராவது யோசனை சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போதும், வெளிநாட்டுக்கு நன்னடத்தைச் சான்று எடுக்கும்போதும் அது எதிரே நிற்கும். பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டால், சில குற்றங்களை அதே கோர்ட்டில் ராஜியாக முடிக்கலாம். மற்றவற்றில் சிலவற்றை மதுரைக் கிளையில் ரத்து செய்யக் கேட்கலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடிய குற்றங்களில் சமாதானம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வாய்தா: கடலுக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்கள் கவனத்துக்கு

தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இடையில் வாய்தா வந்து ஆள் இல்லையென்றால் பிடிவாரண்ட் வந்துவிடும். போட் கிளம்பும் முன் எப்போது போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆஜராக முடியாததற்கு மனுப் போடலாம். எல்லோரும் 317 பெட்டிஷன் என்று சொல்வது அதைத்தான், இப்போது 355ஆம் பிரிவு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதையே போட்டால் கோர்ட் ஏற்காது. வாரண்ட் வந்துவிட்டால் ஒளிய வேண்டாம். வக்கீலோடு காலையில் நீங்களாகவே கோர்ட்டுக்குப் போய் அதைத் திரும்பப் பெற மனுப் போடுவதுதான் நல்லது. அடுத்த வாய்தா தேதியை இகோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கோர்ட் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். முடியும் தேதிக்குப் பல மாதம் முன்பே மனுப் போடுங்கள். அங்கே இருக்கும்போதே இங்கே எப்.ஐ.ஆர். வந்துவிட்டால், திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் வக்கீலிடம் பேசுங்கள். லுக் அவுட் நோட்டீஸ் (தேடப்படுபவர் என்று விமான நிலையங்களுக்குக் கொடுக்கும் அறிவிப்பு) இருந்தால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கேஸ் என்றால் அது கேரளாவின் கோர்ட், பேப்பர் மலையாளத்தில் வரும். அங்கே பழக்கமுள்ள வக்கீலையே வையுங்கள். அந்தக் கோர்ட்டை அணுகும்வரை கைதாகாமல் இருக்க, இங்குள்ள செஷன்ஸ் கோர்ட்டிலோ மதுரைக் கிளையிலோ குறுகிய கால முன்ஜாமீன் கேட்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வக்கீலை மாற்ற வேண்டியிருந்தால்

போனை எடுக்காததற்காக மாற்றாதீர்கள், பகலில் அவர் கோர்ட்டில் நிற்பார். மாலையில் ஆபீசுக்கு நேரில் போங்கள். தொடர்ந்து தயாராகாமல் வருகிறார், தேதியைச் சொல்வதில்லை, எதிர்த்தரப்போடு பேசிவிட்டு மறைக்கிறார் என்றால் மாற்றலாம். மீதிக் கட்டணத்தைத் தீர்த்து, ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறுக்கு விசாரணைக்கு முந்தைய நாள் மாற்றுவதை மட்டும் தவிருங்கள்.

தீர்ப்பு வந்தபின்

தண்டனை என்றால் அன்றைக்கே கேட்க வேண்டியது இரண்டு: மேல்முறையீடு செய்யும்வரை தண்டனையை நிறுத்தி வைக்க மனு, தீர்ப்பு நகல். மூன்றாண்டு வரை தண்டனையென்றால் ஜாமீனில் இருப்பவருக்கு அதே கோர்ட்டே நிறுத்தி வைக்கலாம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு மேல்முறையீடு 30 நாளுக்குள், உயர் நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள். விடுதலை என்றாலும் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி ஒன்றை வீட்டில் வையுங்கள், பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் கேட்பார்கள். ஜாமீனுக்குக் கட்டிய பணம், போலீஸ் எடுத்துவைத்த போன், பைக், ஒப்படைத்த பாஸ்போர்ட் ஆகியவற்றைத் திரும்பப் பெறத் தனித்தனியாக மனுப் போட வேண்டியிருக்கும். அந்த மனுக்களையும் முடித்துக் கொடுக்கும்படி வக்கீலிடம் கேளுங்கள்.